மஞ்சக்குட்டையில் எல்லாரும் சித்தன்

மனித குலத்தின் வரலாற்றை இரண்டே பாகமாகப் பிரித்துவிடலாம்: மின்னஞ்சல் முகவரிக்கு முன், மின்னஞ்சல் முகவரிக்குப் பின். முதல் பாகத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, சிலருக்குச் சொத்துகூட இருந்தது. ஆனால் அவர்கள் அவர்கள்தான் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. நாகலூர் பஸ்ஸின் கடைசி சீட்டில், மடியில் லேப்டாப் பையை வைத்துக்கொண்டு மாதேஷ் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை. முன்சீட்டுக் கூடையிலிருந்த கோழி தலையைத் திருப்பி ஒருமுறை அவனைப் பார்த்துக்கொண்டது.

“ஒரு மனுசன், ஒரு மெயில் ஐடி. ஒரு மெயில் ஐடி, ஒரு மனுசன். இதுக்கு மேல நாகரிகம்னு ஒண்ணு கெடையாது புவனா.”

புவனா கிளியூர்க்காரி. சேலத்தில் ஒரு கல்லூரியில் அவனோடு கம்ப்யூட்டர் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். மாதேஷ், நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் ஜீவானந்தத்தின் மகன். இருவருக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். வேலையைச் சரிபாதியாகப் பிரித்திருந்தார்கள். புரோகிராம் எழுதுவது புவனா, அதன் தத்துவத்தை விளக்குவது மாதேஷ்.

மஞ்சக்குட்டையில் சின்னச் சின்னக் காப்பித் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். குழுவுக்குப் பொதுவில் ஒரு பல்பர் மிஷின், காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியே தள்ளுவது. பறித்த பழத்தை அன்றைக்கே உரித்தாக வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் புளித்துப்போகும். வாடை ஊர் முழுக்கப் போகும், வியாபாரி மட்டும் வரமாட்டார். அதனால் யாருக்கு எப்போது மிஷின் என்று ஷெட்டுச் சுவரில் ஒரு கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள். பனி இறங்கினால் பலகைக்கு வேர்த்து எழுத்து கரையும். கரைந்த பெயர்க்காரர் கத்துவார். குழுத் தலைவி சசிகலாவுக்கு இந்தப் பஞ்சாயத்து அலுத்துப்போய், “ஃபோன்லயே பாத்துக்கற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடு கண்ணு” என்று மாதேஷிடம் கேட்டிருந்தாள். அப்படிப் பிறந்த செயலிக்கு ‘பழம்’ என்று பெயர் வைத்தார்கள்.

கல்லூரிப் பேராசிரியர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. பொங்கல் லீவு முடிகிற திங்கட்கிழமை அவரே சசிகலாவுக்கு ஃபோன் போட்டு, “இதை நிஜமாகவே உபயோகிக்கிறீர்களா அம்மா?” என்று கேட்பார். ஆமாம் என்று வந்தால் பாஸ். இல்லையென்று வந்தால் இருவரும் அடுத்த வருடமும் இதே பஸ்ஸில் இதே சீட்டில் கல்லூரிக்குப் போய்வரலாம்.

“அவங்க எல்லார்கிட்டயும் மெயில் ஐடி இருக்குமாடா?” என்றாள் புவனா.

“ஃபோன் இருக்குதில்ல? மெயில் ஐடி இல்லாம ஃபோன் வேலையே செய்யாது. ஆண்டவன் அப்படித்தான் படைச்சிருக்கான்.”

“பேசாம யூசர்நேம் வெச்சுரலாம். அவங்களுக்குப் புடிச்ச ஒரு பேரு, ஒரு பின் நம்பர். வேலை முடிஞ்சுது.”

மாதேஷ் ஜன்னலுக்கு வெளியே, சில்வர் ஓக் மரங்களைத் துக்கத்தோடு பார்த்தான்.

“யூசர்நேம். கபடி டீம் பனியன்ல முதுகுப்பக்கம் அடிச்சுக்குவாங்களே, அது. ராத்திரில ஆன்லைன் ரம்மி ஆடறவன் சம்சாரத்துக்குத் தெரியாம வெச்சுக்கற பேரு. நாம ஒரு சமுதாயத்தைப் பதிவு பண்ணப்போறோம் புவனா, ஆர்க்கெஸ்ட்ரா நடத்தப்போறதில்ல.”

புவனா காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். அவனோடு படிப்பதில் அவள் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் அது.

அன்று சாயங்காலமே குழுவின் வாட்ஸப்பில் செயலியின் இணைப்பு போனது. உள்ளே நுழைவது சுலபம். மின்னஞ்சல் முகவரி கேட்கும் கட்டத்தைத் தொட்டால் ஃபோனே முகவரியை நிரப்பிக்கொள்ளும். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த முகவரிக்கு ஒரு அஞ்சல் வரும். அதைத் தொட்டால் உள்ளே போய்விடலாம். முதல் தடவை மட்டும் உங்கள் பெயர் என்ன என்று கேட்கும்.

மறுநாள் காலையில் மாதேஷ், சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து, நிர்வாகியின் பக்கத்தைத் திறந்தான். உள்ளே வந்திருந்தது ஒரே ஒரு ஆள். பெயர்: சித்தன். ஆனால் என்ன ஆள்! விடியற்காலையில் மிஷினைப் பதிவு செய்கிறார். டீ குடிக்கிற நேரத்துக்குள் ரத்து செய்கிறார். மறுபடி பதிவு செய்கிறார். நாளைக்கு, நாளை மறுநாளுக்கு, அடுத்த வாரத்துக்கு, அதற்கடுத்த வாரத்துக்கு. இரண்டு நாள் இப்படியே பார்த்துவிட்டு மாதேஷ் புவனாவுக்கு ஃபோன் போட்டான்.

“ஒரு புரட்சி நடந்துட்டிருக்கு,” என்றான்.

“எங்க?”

“மஞ்சக்குட்டைல. சித்தண்ணன்னு ஒருத்தரு. பகல் பூரா நம்ம செயலிலயேதான் இருக்காரு. ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல அவரு ஃபோட்டோ போடறோம்.”

“மத்தவங்கெல்லாம்?”

“அவரைப் பாத்துக் கத்துக்குவாங்க.”

“அவருக்கு எவ்வளவு பழம்டா இருக்கு, டெய்லி காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் மிஷின் புடிக்கறதுக்கு?”

இந்தக் கேள்வியில் இருந்த நம்பிக்கையின்மை மாதேஷைப் புண்படுத்தியது. புவனாவையும் கூட்டிக்கொண்டு, ஃபோட்டோ எடுக்க ஷேர் ஜீப்பில் ஏறிவிட்டான்.

ஷெட்டுக்கு வெளியே நல்ல கூட்டம். மூட்டைகளும் மனிதர்களும் கலந்து நின்றார்கள். மிஷின் ஓடவில்லை. கொஞ்சம் தள்ளி, தன் மூட்டையின் மேலேயே ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சாமி குற்றம் செய்து தள்ளிவைக்கப்பட்டவர் போன்ற முகம். யாரும் அவரோடு பேசவில்லை. அவர்தான் சித்தன்.

“வா சாமி,” என்றார் அவர். “நீதானே அந்தப் பையன்? எனக்கு என்ன பண்ணிப்போட்ட நீ?”

மாதேஷ் பதில் சொல்வதற்குள் சசிகலா ஃபோனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

“இங்க பாரு கண்ணு. இந்தாளு ஒருத்தரே மிஷினை மொத்தமா வளைச்சுட்டாரு. எப்பத் தொறந்தாலும் சித்தன், சித்தன், சித்தன். சரி, நம்ம முறைதானேன்னு அதை அடிச்சுட்டு நான் போட்டா, அதுவும் சித்தன்னே விழுகுது. மந்திரிச்சு வெச்சிருக்காரான்னு தெரியல.”

“நான் அந்தக் கெரகத்தத் தொட்டே மூணு நாளாச்சுங்க!” என்றார் சித்தன். “மொத நாளு பேரக் கேட்டுச்சு. குடுத்தேன். அதோட சரி. பேரக் குடுத்தது ஒரு குத்தமா?”

“அப்பறம் எப்படிய்யா உம்பேரே வருது?” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“என்னைக் கேட்டா? மிஷினுக்கு என்னைப் புடிச்சுப்போச்சு போ!”

புவனா சசிகலாவின் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். மேலே, ‘வாங்க, சித்தன்’ என்று இருந்தது. பக்கத்தில் நின்றவரின் ஃபோனை வாங்கினாள். ‘வாங்க, சித்தன்.’ இன்னொன்று. ‘வாங்க, சித்தன்.’ சேலை முந்தானையில் முடிந்திருந்த ஒரு ஃபோனைக்கூட அவிழ்த்துப் பார்த்தாகிவிட்டது. அதுவும் சித்தன்தான்.

“என்னோடதப் பாரு அம்மிணி,” என்று சித்தனும் நீட்டினார். அவருடைய ஃபோனில் மட்டும், ‘தயவுசெய்து உள்ளே நுழையவும்’ என்று இருந்தது. யாரோ எதையோ அழுத்தி அவரை வெளியே தள்ளியிருந்தார்கள். அன்றைக்கு மஞ்சக்குட்டையில் சித்தனாக இல்லாத ஒரே ஆள் சித்தன்தான்.

புவனா ஒவ்வொரு ஃபோனிலும் மின்னஞ்சல் முகவரி என்னவென்று தேடிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே முகவரி. பிரவீன் மொபைல்ஸ், ஏற்காடு. அந்த முகவரியில் முதலில் பெயர் கொடுத்தவர் சித்தன், அதற்குப் பின் நுழைந்த எல்லாரையும் செயலி சித்தன் என்றே எடுத்துக்கொண்டிருந்தது.

“இது யாரு ஐடிங்க அக்கா?” என்றான் மாதேஷ். அவன் குரல் சற்று இறங்கியிருந்தது.

“தெரியாதே கண்ணு. மெயிலு கியிலு எல்லாம் பிரவீன் கடைல இருக்கும். அவந்தான் பத்திரமா வெச்சிருக்கறான்.”

சித்தனுக்கு விஷயம் புரிந்ததோ இல்லையோ, தான் நிரபராதி என்பது மட்டும் புரிந்துவிட்டது. மூட்டையை விட்டு எழுந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “இப்பப் பேசுங்களே பாக்கலாம்.”

பிரவீன் கடை ஏற்காட்டில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. மாதேஷும் புவனாவும் போனபோது அவர் ஒரு டூரிஸ்ட்டின் ஃபோனிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டிருந்தார். ஏரியில் படகில் போகிறவர்களால்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது.

“ஏனுங்க பிரவீண்ணா, மஞ்சக்குட்டைல எல்லா ஃபோன்லயும் உங்க கடை மெயில் ஐடியே இருக்குதுங்களே?” என்றான் மாதேஷ்.

“ஆமாங்க தம்பி. நல்ல ஐடி. இன்னிக்கு வரைக்கும் ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்ததில்ல.”

“ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒண்ணு போட்டுத் தந்திருக்கலாமில்லீங்க?”

“ஆரம்பத்துல போட்டுத்தானுங்க குடுத்தேன். ஊட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துட்டு, ஃபோன் பூட்டிக்கிச்சுன்னு திரும்ப வந்து நிக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்? இப்பப் பாருங்க, யாரு ஃபோன் கெட்டாலும் எனக்கு ஒரே பாஸ்வேர்டு. நொம்ப சுளுவு.” பிரவீன் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணே ஒண்ணுதான் தொந்தரவு. அவங்க எடுக்கற ஃபோட்டோ எல்லாம் எனக்கு வந்துருது. சசிகலாக்கா ஊட்டுக் கன்னுக்குட்டி பொறந்தது அவங்க வீட்டுக்காரருக்கு முந்தி எனக்குத் தெரியும்.”

வெளியே வந்ததும் புவனா, “ஒரு மெயில் ஐடி, ஒரு மனுசன்,” என்றாள்.

“கொள்கைல தப்பில்ல. மனுசங்கதான் கொஞ்சம் அதிகமாப் போயிட்டாங்க,” என்றான் மாதேஷ்.

தோல்வியை ஒப்புக்கொள்வது வேறு, திருத்திக்கொள்வது வேறு. மாதேஷ் இரண்டையும் செய்யவில்லை. மறுநாள் ஷெட்டிலேயே ஒரு மின்னஞ்சல் முகாம் போட்டான். கண் பரிசோதனை முகாமுக்கு வருவதுபோல் ஆட்கள் நம்பிக்கையோடு வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். சின்னன் என்ற பெயரில் முகவரி கேட்டால் அது உலகத்தில் எவனோ ஒரு சின்னனிடம் இருந்தது. வேண்டுமானால் சின்னனுக்குப் பின்னால் ஒரு லாரி நம்பர் அளவுக்கு எண்களைச் சேர்த்துத் தருவதாக ஃபோன் பெருந்தன்மையோடு சொன்னது. குழுவில் மட்டுமே சின்னன் என்று மூன்று பேர். மூன்று லாரிகள் கிளம்பின. சாயங்காலம் கேட்டபோது எந்த நம்பர் யாருடையது என்று யாருக்கும் நினைவில்லை.

சசிகலா தன் முகவரியை மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வீட்டில் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வருவதற்குள் பாதி போய்விட்டது. சித்தன் ஒருவர்தான் உருப்படியாக மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் அதைச் செயலியில் போட மறுத்துவிட்டார்.

“ரகசியமா வெச்சுக்கோங்க, யாருக்கும் சொல்லாதீங்கன்னு நீதானே சாமி சொன்ன?”

“அது பாஸ்வேர்டுங்ணா. ஐடியச் சொல்லலாமுங்க.”

“ஒருக்காப் பேரக் குடுத்துப் பட்டது போதாதா எனக்கு?”

முகாம் கலைந்தபின் சசிகலா மாதேஷைக் கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. குழுக் கூட்டம் இருக்குது. பழம் நிக்காது கண்ணு, பழுத்துட்டே இருக்குது. நாளைக்குக் காலைல இதுல முறை போட முடிஞ்சா சரி. முடியலீன்னா பலகையக் கழுவி வெச்சிருக்கறேன், எழுதிப்போடுவேன். உங்க வாத்தியாரு திங்கக்கிழமை கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், ஆமா.”

ஜீப்புக்கு நின்றபோது புவனா முகாமில் போட்ட முகவரிகளை ஒவ்வொன்றாக ஃபோனில் பார்த்தாள். பிறகு, “அந்த மூணு சின்னன்ல ஒருத்தரக் கூப்பிடணும்னா இவங்க எப்படிக் கூப்பிடறாங்க?” என்று கேட்டாள்.

“மேட்டுக்காட்டுச் சின்னன். பலாமரத்துச் சின்னன். இன்னொருத்தரு பண்ணைக்காரச் சின்னன், கோழிப் பண்ணை வெச்சிருக்காரு.”

“குழம்புதா?”

“இல்ல.”

“யாராச்சும் மறக்கறாங்களா?”

மாதேஷ் ஜீப் வருகிற திசையை உற்றுப் பார்த்தான். “அதெல்லாம் பட்டப்பேரு. பட்டப்பேரு வெச்சு உள்ள விடறதுக்கு இது சீட்டாட்ட கிளப்பா?”

“சரி. அப்ப அடுத்த வருசம் பஸ்ஸுல பாக்கலாம்.”

அந்த வாக்கியத்துக்கு இருந்த தர்க்கம் மாதேஷை வென்றது. பேச்சுவார்த்தை நடந்தது. யூசர்நேம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூன்று நிபந்தனைகள். ஒன்று, மின்னஞ்சல் பொத்தான் மேலே, பெரிதாக, பச்சை நிறத்தில் இருக்கும். யூசர்நேம் அதற்குக் கீழே, வெட்கப்பட்டுக்கொண்டு, சின்ன எழுத்தில். இரண்டு, சித்தன் பெயரில் அடைந்து கிடக்கும் பழைய பதிவுகளை நிர்வாகியாகிய மாதேஷ் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் தன் கையால் அழிப்பான். மூன்று, நிர்வாகி சாகும்வரை மின்னஞ்சலில்தான் நுழைவான்.

“நிர்வாகிக்கும் யூசர்நேம் வெச்சுக்க ஒரு இடம் போட்டு வெக்கறேன்,” என்றாள் புவனா. “அதுக்கு ஒரு பின் நம்பர் என்கிட்ட இருக்கும். எதுக்கும் இருக்கட்டும்.”

“இருக்கட்டும். காலியாவே இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை பனி விலகும்போதே ஷெட்டில் ஆள் சேர்ந்துவிட்டது. முந்தின நாள் மத்தியானம் பறித்தவர்கள் முகத்தில் அவசரம் தெரிந்தது. பழம் புளிக்கத் தொடங்கிவிட்டதா என்று மூட்டைக்குள் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சசிகலா கரும்பலகையைக் கழுவித் துடைத்திருந்தாள். அவள் கையில் சாக்பீஸ்.

புவனா ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். “உங்களை ஊருல எப்படிக் கூப்பிடுவாங்களோ அதையே போடுங்க. அப்பறம் நாலு நம்பர். அவ்வளவுதான்.”

மேட்டுக்காட்டுச் சின்னன் உள்ளே போனார். பலாமரத்துச் சின்னன் உள்ளே போனார். பண்ணைக்காரச் சின்னன் தன் பெயரோடு முட்டை விலையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஒருவர் ‘சேர்மன்’ என்று போட்டுக்கொண்டதைச் சசிகலா பார்த்துவிட்டாள்.

“நீ எப்பய்யா சேர்மன் ஆன?”

“ஆசைதானுங்க.”

“அழி.”

சித்தன் எல்லாரும் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஃபோனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, யாரும் பார்க்காதபடி தட்டினார். உள்ளே போனதும் தாளாத பெருமையில் அவரே எல்லாருக்கும் காட்டினார். ‘வாங்க, ஒரிஜினல் சித்தன்.’ நாலைந்து நாள் அவரோடு பேசாமல் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பலாமரத்துக்காரர் வெற்றிலையை நீட்டினார். சித்தன் உடனே வாங்கவில்லை. இரண்டாம் முறை நீட்டியபின் வாங்கிக்கொண்டார்.

மாதேஷ் இதையெல்லாம் தூணில் சாய்ந்து, ஒரு நாகரிகத்தின் வீழ்ச்சியைப் பார்வையிடுகிறவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாதேஷு, இங்க வா,” என்று சசிகலா கூப்பிட்டாள். இரண்டு பேர் திரும்பினார்கள். குழுவில் மிளகு போடுகிற மாதேஷ் ஒருவர் இருந்தார்.

“உன்னயில்ல மிளகு. நான் கூப்பிட்டது அந்த மெயில் மாதேஷ.”

கூட்டம் சிரித்தது. அதற்குள் அந்தப் பெயர் நாலு வாய்க்குப் போய்த் திரும்பிவிட்டது.

“எல்லாரும் உள்ள வந்தாச்சு. ஆனா முறை போட முடியல கண்ணு. இன்னமும் பழைய சித்தனேதான் எல்லா இடத்துலயும் குந்தியிருக்கறாரு.”

மாதேஷ் தூணை விட்டு நிமிர்ந்தான். அவன் எதிர்பார்த்திருந்த நேரம் இது.

“இப்ப எல்லாரும் தனித்தனி ஆளாயிட்டதால, அந்தப் பதிவுகளை அழிக்கற அதிகாரம் நிர்வாகிக்கு மட்டும்தாங்க உண்டு,” என்று ஆரம்பித்தான். “நிர்வாகி யாருன்னு செயலிக்கு எப்படித் தெரியும்? மின்னஞ்சல் மூலமா. இப்ப நான் என்னோட முகவரியப் போடறேன். எனக்கு மட்டும் ஒரு அஞ்சல் வரும். வேற யாருக்கும் வராது. எல்லாரும் கவனிங்க.”

எல்லாரும் கவனித்தார்கள். அவன் பச்சைப் பொத்தானை அழுத்தினான். சக்கரம் சுற்றியது. சுற்றி முடித்து, சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது.

‘இன்றைக்கு அனுப்பக்கூடிய இலவச அஞ்சல்கள் தீர்ந்துவிட்டன. நாளை முயலவும்.’

மாதேஷ் மறுபடி அழுத்தினான். மறுபடி அதே வரி. புவனா எட்டிப் பார்த்தாள். காரணம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, அவனுக்கும்தான். பச்சைப் பொத்தான் மேலே இருந்தது, பெரிதாக இருந்தது. அதனால் காலையிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவரும் முதலில் அதைத்தான் அழுத்தினார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லையென்றதும் திரும்பத் திரும்ப, பலமாக அழுத்தினார்கள். அஞ்சல்கள் அத்தனையும் பிரவீனின் முகவரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

“என்ன கண்ணு, வரலியா?” என்றாள் சசிகலா.

“வருதுங்க அக்கா. சிக்னல்…”

“எனக்கு நாலு கட்டம் நிக்குதே,” என்றார் சித்தன், உதவியாக.

“பழம் சூடேறுதுங்க,” என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். “பலகைலயே எழுதிப்போடுங்க அக்கா, போதும்.”

சசிகலா பலகையின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனாலும் சாக்பீஸ் மேலே போய்விட்டது. ‘மே’ என்று எழுதினாள். மேட்டுக்காட்டுச் சின்னன் முதல் ஆள்.

“ஒரு நிமிசமுங்க அக்கா. அந்தப் பக்கம் போனா சிக்னல் நல்லாருக்கும்,” என்று சொல்லிவிட்டு மாதேஷ் ஷெட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். அங்கே உரித்த தோல் குவியலும் ஒரு ஆடும் இருந்தன. ஆட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற புவனாவுக்கு வாட்ஸப் அனுப்பினான்.

‘அந்த நிர்வாகி பின் நம்பர் அனுப்பு.’

‘எதுக்கு?’

‘சும்மா. செக் பண்ண.’

‘நானே போட்டு எல்லார் முன்னாடியும் அழிச்சுரவா?’

‘வேண்டாம்.’

சுவருக்கு அப்பால் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது. பிறகு நாலு இலக்கம் வந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லை. அது அவளுடைய பெருந்தன்மை. பிற்பாடு வட்டியோடு வசூலிப்பாள்.

மாதேஷ் சின்ன எழுத்தைத் தொட்டான். நாலு இலக்கத்தைப் போட்டதும் பெயர் கேட்டது. ‘மாதேஷ்’ என்று போட்டான். இந்தப் பெயர் ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றது செயலி. மிளகுக்காரர் முந்திக்கொண்டிருந்தார். ‘நிர்வாகி’ என்று போட்டான். இந்த மாதிரிப் பெயர்களுக்கு அனுமதி இல்லை என்றது. புவனா எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். ‘தலைமை நிர்வாகி’ என்று போட்டான். அதையும் யோசித்திருந்தாள்.

“இன்னும் யாரு பேரு எழுதலீங்க?” என்று சசிகலா கேட்பது காதில் விழுந்தது.

மாதேஷ் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஆடு மட்டும்தான். குனிந்து, கட்டைவிரலால் வேகமாகத் தட்டினான். செயலி ஒரு கணமும் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டது.

‘வாங்க, மெயில் மாதேஷ்.’

பழைய பதிவுகளை முழுக்கத் தேர்ந்தெடுத்து அழித்தான். சித்தன், சித்தன், சித்தன் என்று திரை முழுக்க நின்றவர்கள் மொத்தமாக எழுந்து போனார்கள். இரண்டு வாரம் காலியாகத் திறந்துகொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு ஃபோன் ‘டிங்’ என்றது. அப்புறம் வரிசையாகப் பல.

“விழுந்துருச்சு! எம்பேரு விழுந்துருச்சுங்க!” என்று மேட்டுக்காட்டுக்காரர் கத்தினார்.

“எனக்கு அடுத்தது!”

“ஏய், தள்ளிப் போடாத, அது என் நேரம்!”

“ஃபோனப் பாத்துச் சண்டை போடுங்கய்யா, எங்கிட்ட வராதீங்க!” இது சசிகலா. குரலில் பழைய தெம்பு. சேலைத் தலைப்பால் அவள் பலகையைத் துடைக்கும் சத்தம் கேட்டது. “எங்க அந்தப் பையன்? வாத்தியாரு நாளைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடுவாருன்னு கேட்டு வைக்கோணும்.”

மிஷின் ஒருமுறை இருமி, பிறகு ஓடத் தொடங்கியது.

மாதேஷ் செயலியை மூடப்போனான். அது விடவில்லை. ‘இந்த ஃபோனில் இதே பெயரை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்டது. இதைப் புவனா எப்போது சேர்த்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. சுவரோரம் தலை எதுவும் நீள்கிறதா என்று பார்த்துக்கொண்டான். பிறகு, திரையை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்து, ஆமாம் என்பதை அழுத்தினான்.